தலைவரின் நீள நோட்டு

செருப்பை வாசலுக்கு இடப்பக்கம் விடுங்கள் ஐயா. வலப்பக்கம் இருப்பது தலைவர் நட்ட மரம். போன வாரம் வந்த சுற்றுலாக் கூட்டம் அதன் அடியில் இருபது சோடியைக் குவித்துவிட்டுப் போயிற்று. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தேன். வாருங்கள். பேருந்து பழுது, அப்படித்தானே? பின்சக்கரமா? பின்சக்கரம் என்றால் முக்கால் மணி நேரமாவது ஆகும். அவசரமில்லாமல் பார்க்கலாம்.

இந்த நினைவு இல்லத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பேருந்து பழுதாகி வருகிறவர்கள். மீதிப்பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டு வருகிறவர்கள். தேசத்தலைவர் நீலமேகனாரின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றே புறப்பட்டு வந்தவர்கள் இந்த ஆண்டு மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருத்தியால்தான் இன்று என் நிலை இப்படி ஆயிற்று. இருக்கட்டும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டைப் பாருங்கள்.

என் பெயர் திருஞானம். இங்கே காப்பாளர். இருபத்தாறு ஆண்டுகள், ஒரே இடம், ஒரே நாற்காலி. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. ஆனால் அடுத்த வியாழக்கிழமை மாவட்டத் தலைநகரில் எனக்கு விசாரணை. குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். வியாழனுக்குப் பிறகு நான் இந்த வீட்டில் இருப்பேனா, அல்லது விழாப் பந்தல் தட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் ஏதாவது ஒரு கிடங்குக்குக் காவலாக அனுப்புவார்களா, தெரியவில்லை. அந்தக் கிடங்கில் யாருக்கு நான் தலைவரைப் பற்றிச் சொல்வேன்? எலிகளுக்கா?

இது அவர் பிறந்த அறை. இது அவர் சிறைக்கு எடுத்துப் போன தகரப் பெட்டி. மூன்று முறை, மொத்தம் ஒன்பது ஆண்டுகள் சிறை. இது கண்ணாடி. ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கிறது, பாருங்கள். மத்திய அமைச்சராக இருந்தபோதும் இந்த நூல் சுற்றிய கண்ணாடிதான். இந்தக் கண்ணாடியின்முன் நின்று எத்தனையோ பேர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தபின் அவர்கள் போட்டிருக்கும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போகிறார்கள். கீழே நான் எழுதி ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படிப்பதில்லை. ஐயா, ஒன்று சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பெரியவர்களைப் பார்ப்பது எளிது, படிப்பதுதான் கடினம்.

தலைவரே இதற்கு ஒரு கதை சொல்வார். நான் வருகிறவர் எல்லாரிடமும் சொல்கிற கதை. கடல் கடந்து பிழைக்கப் போன ஒரு தகப்பன், மகனுக்கு ஒரு கடிதம் எழுதினான். மகனுக்குத் தகப்பன்மேல் உயிர். கடிதம் வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாமி மாடத்தில் வைத்தான். சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான், வெள்ளிக்கிழமை தோறும் பூப் போட்டான். ஊரே அவனைப் புகழ்ந்தது. பத்து ஆண்டு கழித்துத் தகப்பன் திரும்பி வந்து கேட்டான்: 'கொல்லைச் சுவர் விரிசல் விட்டிருந்தது, முட்டுக் கொடு என்று எழுதினேனே, கொடுத்தாயா?' அப்போதுதான் தெரிந்தது, உறையே பிரிக்கப்படவில்லை. சுவர் விழுந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

எப்படிப்பட்ட கதை, பாருங்கள்.  அந்த மகனைப் போன்றவர்கள்தாம் ஐயா இங்கே வருகிறவர்கள்.

இதோ, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வாருங்கள். இதுதான் இந்த வீட்டின் உயிர். தலைவரின் நீள நோட்டு.

மாதத்தில் இரண்டு நாள் தலைவர் டெல்லியிலிருந்து ஊருக்கு வருவார். மற்ற நாள்களில் இந்த நோட்டு முன்தாழ்வாரத் தூணில் சணல் கயிற்றில் தொங்கும். கூடவே ஒரு பென்சில், அதுவும் கயிற்றில். யாருக்கு என்ன குறையோ அதில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி எழுதலாம். தலைவர் வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னே இதைத்தான் எடுப்பார். படித்ததும் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போடுவார். வேலை முடிந்ததும் 'முடிந்தது' என்று எழுதுவார். இந்த இரண்டு சொல்லுக்காக நாற்பது ஊர்ச் சனம் இங்கே நடந்து வந்தது.

கண்ணாடி வழியாகத் தெரிகிறதா? வலப்பக்கத்தில் கடைசி மனு. நான் இதைப் படித்துக் காட்டாத நாள் கிடையாது. 'மேலக்கரைத் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை. வாய்க்காலில் இறங்கிப் பிணம் கொண்டுபோகிறோம். சின்னான்.' ஓரத்தில் தலைவர் கையால்: 'பார்த்தேன்.' ஒரு ஏழைக் குடியானவன் பென்சிலால் கோணல்மாணலாக எழுதிய மூன்று வரியை ஒரு மத்திய அமைச்சர் மதித்துப் படித்திருக்கிறார். இதைவிட ஒரு தலைவனின் பெருமைக்கு என்ன சான்று வேண்டும்? இல்லத்தைத் திறந்த நாளன்று இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். அன்று முதல் இந்தப் பக்கம்தான்.

சரி. இனி என் கதையைக் கேளுங்கள். நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறது. நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆடி மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்து இங்கே வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு திங்கள்கிழமை முற்பகலில் ஒரு பெண் வந்தாள். பெயர் காத்தாயி. நாற்பது வயதிருக்கும். செருப்பை இடப்பக்கம்தான் விட்டாள், அதைச் சொல்ல வேண்டும். நேராக இந்தப் பெட்டிக்கு வந்து நின்று, கண்ணாடியில் மூக்குப் படும்படி குனிந்து, வாய்விட்டுப் படித்தாள். எனக்கு மகிழ்ச்சி. இருபத்தாறு ஆண்டில் ஒருவர் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவள் நிமிர்ந்து, "அது எங்க மாமனாரோட அப்பா சார்," என்றாள்.

மேலக்கரைத் தெருக்காரி. சின்னான் வீட்டு மருமகள். அவள் சொன்னது இது. அந்தக் காலத்தில் தலைவர் வாங்கிக் கொடுத்த பாதை ஒன்று வாய்க்கால் வடகரையில் இருந்ததாம். இரண்டு ஆண்டுக்குமுன் நிலம் கைமாறியதாம். புதிதாக வாங்கியவர் கம்பிவேலி போட்டுப் பாதையை உள்ளே சேர்த்துக்கொண்டாராம். கோடையில் வாய்க்கால் காய்ந்திருக்கும், தரையில் இறங்கித் தூக்கிப் போய்விடலாம். தண்ணீர் வந்துவிட்டால் மார்பளவு. அவளுடைய மாமியார் படுத்த படுக்கை. 'என்னையத் தண்ணிக்குள்ள எறக்கிக் கொண்டுபோயிராதீங்கடி' என்று அந்தக் கிழவி தினமும் கேட்கிறாளாம். ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறாள். பாதை இருந்ததற்குச் சான்று என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லை. கிழவிதான் சொல்லியிருக்கிறாள்: தலைவர் நோட்டில் இருக்கிறது, போய்ப் பார் என்று.

"அடுத்த பக்கத்தத் திருப்பிக் காட்டுங்க சார். பாத்துட்டுப் போயிடுறேன்," என்றாள்.

நான் பொறுமையாகச் சொன்னேன். "அம்மா, இது காட்சிப் பொருள். புரட்டுகிற பொருள் அன்று."

"நோட்டுதான சார். பொரட்டத்தான போட்டாரு."

எப்படிப் பேசுகிறாள், பாருங்கள். நான் சினப்படவில்லை. பழைய தாள், தொட்டால் பொடியும், துறை இயக்குநர் எழுத்து மூலம் அனுமதித்தால் ஒழியப் பெட்டியைத் திறக்கக் கூடாது, விதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் நகரவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வருகிறவர் எல்லாரையும் கேட்பது போல, 'பார்வையாளர் பதிவேட்டில் உன் கருத்தை எழுதிவிட்டுப் போ' என்றேன். அதுதான் நான் செய்த பிழை.

பதிவேட்டில் நான்கு கட்டம். எண், பெயர், ஊர், கருத்து. கருத்து என்றால் என்ன எழுத வேண்டும்? 'நன்றாக உள்ளது', 'சிறப்பு', 'வாழ்க தலைவர் புகழ்.' இதுதானே வழக்கம்? அவள் உட்கார்ந்து, இல்லை, உட்காரவில்லை, இங்கே பார்வையாளர்களுக்கு நாற்காலி கிடையாது, நின்றபடியே குனிந்து பொடி எழுத்தில் எழுதினாள். போனபின் பார்த்தால், தலைவர் ஐயாவுக்கு என்று தொடங்கி மேலக்கரைத் தெருவின் பாதையைப் பற்றி ஒரு மனு. கட்டத்தைத் தாண்டி, அடுத்த மூன்று எண்ணின் இடத்தையும் விழுங்கி.

ஐயா, இது நினைவு இல்லம். மனு வாங்கும் அலுவலகம் அன்று. காலமான ஒரு பெரியவரின் பதிவேட்டில் சுடுகாட்டையும் பிணத்தையும் எழுதினால் அது அவருக்கு மரியாதையா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். அளவுகோல் வைத்து, கோணாமல், ஒரு கோடு போட்டு அடித்தேன். ஓரத்தில் 'பொருத்தமற்றது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முறையாகச் செய்தேன். ஒளித்துச் செய்யவில்லை.

அடுத்த திங்கள் மறுபடி வந்தாள். நேராகப் பதிவேட்டுக்குப் போய் முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டாள்: "சிவப்புல அடிச்சா பாத்ததா அர்த்தமா சார்?"

 பதிவேட்டின் நோக்கத்தை விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே அதே மனுவை மறுபடி எழுதினாள். நான் மறுபடி அடித்தேன். மூன்றாம் திங்கள். நான்காம் திங்கள். கடைசிவரை மொத்தம் பதினொரு திங்கள் ஐயா. பதினொரு சிவப்புக் கோடு. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியின்முன் ஒரு நிமிடம் நிற்பாள். அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று ஒரே பேச்சு. இடையில் ஒரு முறை, அவள் நன்மைக்காக, பொறுமையைப் பற்றிப் பேசினேன். தலைவர் ஒன்பது ஆண்டு சிறையில் கிடந்தார், ஒரு நாளாவது முணுமுணுத்தாரா என்று கேட்டேன். நல்ல பேச்சு, பள்ளி ஆண்டுவிழாக்களில் அதே பேச்சுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். அவள் முழுவதும் கேட்டாள்.

"ஒம்போது வருசம் செயில்ல இருந்தவரு செத்தப்போ, தூக்கிட்டுப் போக டெல்லில பாதை இருந்துச்சு சார்," என்றாள்.

சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டாள். வாசலில் இருந்த காவல்காரர் சூசை சிரித்தார். என் காதுபடச் சிரித்தார். இருபத்தாறு ஆண்டில் ஒரு பார்வையாளர் பேசி இங்கே ஒருவர் சிரித்தது அதுதான் முதல் முறை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கக் கூடாது. இயக்குநருக்கு எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுத நினைத்தேன். ஆனால் என்னவென்று எழுதுவது? ஒரு பார்வையாளர் பக்கத்தைப் புரட்டச் சொல்கிறார் என்றா? 'இதற்கெல்லாம் அனுமதி கேட்கிறாயே' என்று திட்டுவார்கள். அல்லது 'இத்தனை ஆண்டாக அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாதா' என்று கேட்பார்கள். தெரியாதுதான். தெரிந்திருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. என் கடமை நோட்டைக் காப்பது. காத்தேன். இந்தக் கண்ணாடியை நான் துடைக்காத நாள் இல்லை. வெளிப்புறம், நான்கு பக்கமும், ஈரத்துணியால் ஒரு முறை, உலர்துணியால் ஒரு முறை.

புரட்டாசியில் ஒரு திங்கள்கிழமை அவள் வரவில்லை. பதிவேடு சுத்தமாக இருந்தது. அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிற்பகலில் சூசை வந்து சொன்னார்: கிழவி முந்தின நாள் போய்விட்டாள். வாய்க்கால் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு பேர் மார்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நடந்திருக்கிறார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை ஒரு பக்கம் சாய்ந்து, கிழவியின் கால் நனைந்துவிட்டதாம். காத்தாயி பின்னாலேயே தண்ணீரில் இறங்கி அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தபடி அக்கரை வரைக்கும் போனாளாம்.

நான் வருந்தினேன். உண்மையாகவே வருந்தினேன். தலைவர் படத்தின்முன் இரண்டு நிமிடம் கைகட்டி நின்றேன். சூசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கள் வந்தாள். அன்று மனு இல்லை. ஒரே வரி எழுதினாள்: 'கிழவி போய்விட்டாள். பாதை இன்னும் வரவில்லை.' அடித்தேன். அடிக்கும்போது கை சற்று நின்றது. ஆனால் ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு ஒரு விதி என்று நடக்க முடியுமா? தலைவர் நமக்குக் கற்றுத் தந்தது சமத்துவம் அல்லவா?

ஐப்பசியில் தலைவர் பிறந்தநாள். ஆண்டுக்கு ஒரு நாள் இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு, மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கி. இந்த முறை புதிதாக வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் நேரில் வருவதாகச் செய்தி. இளம் பெண்மணி. ஆட்சியர் மாலை போட்டதும் பதிவேட்டில் கருத்து எழுதுவார், படம் எடுப்பார்கள், அது வழக்கம். எங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பதினொரு சிவப்புக் கோடு. புண்ணுக்குக் கட்டுப் போட்டதுபோல் இருந்தது பக்கமெல்லாம். அதை எப்படி ஐயா ஆட்சியர்முன் வைப்பது? தலைவரின் மானம் என்ன ஆவது? புதிதாக ஒரு பதிவேடு வாங்கி வைத்தேன். பழையதை இதோ, இந்த இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இதுதான் நான் செய்த 'மோசடி'. குறிப்பாணையில் அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். மோசடி.

ஆட்சியர் வந்தார். மாலை போட்டார். பேனாவை எடுத்தார். எழுதுவதற்குமுன் பதிவேட்டைப் புரட்டினார். வெள்ளைப் பக்கம், வெள்ளைப் பக்கம். "என்ன, இந்த வீட்டுக்கு நான்தான் முதல் ஆளா?" என்று சிரித்தார். மக்கள் தொடர்பு அலுவலரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"பழைய நோட்டு பீரோல இருக்குங்கம்மா. பூட்டி வச்சிருக்காரு."

அவ்வளவுதான். கூச்சல் போடவில்லை, அழவில்லை, கையில் மனுக்கூட இல்லை. ஆட்சியர் என்னைப் பார்த்தார். நான் சாவியைத் தேடுவதுபோல் தேடினேன். சூசை, "உங்க இடுப்புலதான் சார் இருக்கு," என்றார்.

ஆட்சியர் பழைய பதிவேட்டை வாங்கி, நின்றபடியே படித்தார். முதல் திங்கள். இரண்டாம் திங்கள். ஒலிபெருக்கியில் தேசபக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு, "யாருங்க காத்தாயி அம்மா?" என்றார். அவள் முன்னே வந்தாள். இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். பேசி முடித்து, இதோ, நீங்கள் நிற்கும் இதே இடத்தில் வந்து நின்றார் ஆட்சியர்.

"திறங்க," என்றார்.

இயக்குநரின் எழுத்து மூலமான அனுமதி, என்று தொடங்கினேன். விதி எண்ணைக்கூடச் சொன்னேன். "நான் சொல்றேன், திறங்க சார்," என்றார். சார் என்றுதான் சொன்னார்; ஆனால் அந்தச் சாரில் மரியாதை இல்லை.

திறக்க முடியவில்லை. பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை. யாரும் திறந்ததில்லையே, எப்படித் திரும்பும்? ஆட்சியர், அலுவலர்கள், படம் எடுப்பவர்கள் எல்லாரும் காத்து நிற்க, சூசை பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தார். எண்ணெய் விட்டு, ஊதி, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, கால் மணி நேரம். என் வாழ்வில் அவ்வளவு நீண்ட கால் மணி நேரம் இருந்ததில்லை. பூட்டு விட்டதும் ஆட்சியர் தாமே பக்கத்தைப் புரட்டினார். மெல்லத்தான் புரட்டினார். ஆனாலும் மேல்மூலை முறிந்து விழுந்தது. நகத்தளவு. நான் குனிந்து பொறுக்கி எடுத்தேன். இதோ, உறையில் போட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள். இந்தத் தேசத்தின் சொத்து ஐயா. குறிப்பாணையில் என்மேல் மூன்று குற்றச்சாட்டு இருக்கிறது. இந்த மூலையை முறித்தது யார் என்று ஒரு வரி உண்டா? கிடையாது. இதைக் கேட்க இந்த மாவட்டத்தில் ஒருவர் இல்லை.

அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்றா கேட்கிறீர்கள்? தலைவர் கையெழுத்து. ஆட்சியர் உரக்கப் படித்தார். 'நேரில் போய் நடந்து பார்த்தேன். வாய்க்கால் வடகரையில் எட்டடி விட நிலக்காரர் ஒப்பினார். என் முன்னிலையில் கல் நட்டாயிற்று. முடிந்தது.' அதன்கீழே இன்னொரு வரி. 'இந்தப் பாதையை எவரேனும் அடைத்தால், வந்து கேட்பவர்க்கு இந்தப் பக்கத்தைக் காட்டவும்.'

 காத்தாயி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடியே திருப்பியிருந்தா கெழவி காலு நனைஞ்சிருக்காது," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வரியை நானும் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அது என் குற்றமா? காட்டவும் என்று எழுதியவர், எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லையே. பெட்டியில் வைத்தது நானில்லையே. பூட்டியது நானில்லையே. நான் துடைத்தவன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மறுவாரம் அளக்க வந்தார்கள். கருவேலம் புதருக்குள் பழைய கல் நான்கு அப்படியே நட்டபடி இருந்தன. வேலியைப் பின்னால் தள்ளினார்கள். இப்போது மண் கொட்டியிருக்கிறார்கள். நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேலக்கரைத் தெருவில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஆட்சியர் செய்தார் என்று சொல்லவில்லை. அரசு செய்தது என்று சொல்லவில்லை. 'தலைவர் முடிச்சுக் கொடுத்துட்டாரு' என்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்குமுன் காலமானவர் ஐயா.

அதன் விளைவு என்ன? இப்போது திங்கள்கிழமை தோறும் கூட்டம். நாற்பது பேர், ஐம்பது பேர். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒருவர் குடிநீர்க் குழாய் என்கிறார், ஒருவர் பள்ளிக்கூடத்துக் கூரை என்கிறார், ஒரு கிழவர் மருமகள் சோறு போடுவதில்லை என்று எழுதிவிட்டுப் போகிறார். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வெள்ளிதோறும் ஓர் ஊழியர் வந்து எல்லாவற்றையும் படியெடுத்துப் போகிறார். கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. தகரப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. இருபத்தாறு ஆண்டு நான் கட்டிக் காத்த அமைதி போயிற்று. அந்தக் காலத்தில் தலைவர் இருந்தபோது இந்தத் தாழ்வாரம் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. இது நினைவு இல்லமா, சந்தையா?

என் பக்கம் நியாயத்தை யாரிடம் சொல்வது? இயக்குநருக்கு நான்கு பக்கம் விளக்கம் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்றுகூடப் பதில் இல்லை. ஊழியர் சங்கத்துக்கு எழுதினேன். தலைவர் பெயர் சம்பந்தப்பட்டிருப்பதால் தலையிட விரும்பவில்லை என்றார்கள். வீட்டில் சொன்னால் என் மனைவி, 'ஒரு பக்கத்தைத் திருப்பியிருக்கலாமே' என்கிறாள். எல்லாரும் கேட்கிறார்கள், ஒருவரும் படிக்கவில்லை. நான் எழுதியதை எடுத்து முழுதாகப் படித்தவர் ஒருவர் இல்லை.

அதனால் ஒன்று செய்தேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். போன சனிக்கிழமை, யாரும் இல்லாத நேரம், இந்தப் பதிவேட்டில் நான் ஒரு பக்கம் எழுதினேன். 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கி. இது மனு அன்று ஐயா. விளக்கம். மனு வேறு, விளக்கம் வேறு. அவர்கள் எழுதுவது தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு. நான் எழுதியது நடந்ததை நடந்தபடி. இங்கேயே என்னை விட்டுவிட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அது வேண்டுகோள் மட்டுமே.

திங்கள்கிழமை காத்தாயி வந்தாள். பாதைதான் வந்துவிட்டதே, இனி எதற்கு வருகிறாள் என்று கேட்டேன். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்க வருகிறாளாம். புரட்டினாள். என் பக்கம் வந்ததும் நின்றாள். நான் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பிடுங்கியிருக்கலாம். முடியவில்லை. முதலிலிருந்து கடைசி வரை உதடு அசையப் படித்தாள். அவளைப் பற்றி நான் எழுதியிருந்ததையும் படித்தாள். பென்சிலை எடுத்தாள். ஓரத்தில் ஏதோ எழுதினாள். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

இதோ. நீங்களே பாருங்கள். 'பார்த்தேன். காத்தாயி, மேலக்கரைத் தெரு.' தேதி போட்டிருக்கிறாள்.

என்ன துணிச்சல், பாருங்கள். அது தலைவருடைய சொல். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதுவதா? அன்று மாலை சிவப்புப் பேனாவை எடுத்தேன். அளவுகோலை வைத்தேன். மூடியைக் கழற்றினேன். மூன்று நாள் ஆகிறது ஐயா. பேனா இதோ, அப்படியே மூடி இல்லாமல் கிடக்கிறது. மை காய்ந்துவிட்டிருக்கும்.

பேருந்து ஒலி எழுப்புகிறது போலிருக்கிறது. சக்கரம் மாட்டிவிட்டார்கள். போங்கள், போங்கள். ஆனால் ஒரு நிமிடம். ஒரே பக்கம்தான், படித்துவிட்டுப் போங்கள். ஓட்டுநர் தெரிந்தவர்தான், நான் சூசையை அனுப்பி நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். படித்தபின் நீங்களும் ஒரு சொல் எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். வியாழக்கிழமை எடுத்துப் போய்க் காட்டுவதற்கு ஒரு பெயராவது கூட இருக்கட்டும்.

இல்லை, அங்கே வேண்டாம் ஐயா. அவள் பெயருக்கு மேலே எழுதாதீர்கள். முதலில் படித்தவள் அவள். கீழே எழுதுங்கள். அதற்குக் கீழே.